இருபத்தேழாவது பெட்டி

பிறையில் சுமையை இறக்கியாயிற்று.
அடுத்தது நாளைக் காலை ஏழு மணிக்கு.
நடுவே ஒரு முழுப் பகல்,
துவைத்த சட்டைப்பையில் அகப்பட்ட
பத்து வெள்ளி நோட்டுபோல.

கூட ஓட்டுகிறவர்கள் ஃபெரி ஏறித் தீவுக்குப் போனார்கள்.
நான் லோரியைப் பூட்டிவிட்டு
கோமுட்டர் பிடித்து
புக்கிட் மெர்தாஜாம் வந்தேன்.

"மீன் விற்கிறவன் லீவு கிடைத்தால்
மீன் மார்க்கெட்டுக்கா போவான்?"
போனில் கேட்டாள் யோகராணி.
எனக்குப் பதில் தெரியவில்லை.
கைப்பேசியை நிறுத்த முக்காலி வாங்கியதை
அவளிடம் இன்னும் சொல்லவுமில்லை.

தண்டவாளத்துக்கு மேலே நடைபாலம்.
கம்பிவலையில் கை நுழையும் அளவுக்கு
ஒரே ஒரு ஓட்டை.
அதை முன்பே பிடித்து வைத்திருந்தான் வெய் ஜியான்,
கல்லூரிப் பையன்,
கழுத்தில் கேமரா, மடியில் நாசி லெமாக்.
கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தான்.
பாதி மலாய், பாதி இஞ்சின் எண்கள்,
அதுதான் எங்கள் பாஷை.
அவனுக்கு இழுப்பது போதும்.
எனக்கு இழுபடுவது வேண்டும்.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடாது.
மின்கம்பியில் ஒரு மைனா உட்கார்ந்து எழுந்தது.
குடை பிடித்த பெண் ஒருத்தி
எங்கள் கேமரா பார்த்த திசையில் தானும் பார்த்தாள்,
வெறும் ஜல்லி, வெறும் இரும்பு,
சிரிக்காமல் நடந்தாள்.
அதற்காக அவளுக்கு நன்றி.

பிறகு வெய் ஜியான் விரலை உயர்த்தினான்.
முதலில் வந்தது சத்தமல்ல,
பாலத்தின் கைப்பிடி
உள்ளங்கையில் சொன்ன ஏதோ ஒன்று.
அப்புறம் விளக்கு.
அப்புறம் எண்ணெய் வழிந்த மூக்கோடு டீசல் இஞ்சின்,
மின்கம்பிக்கு நேர் கீழே
கறுப்புப் புகையை விட்டுக்கொண்டு,
கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அவன் படம் எடுத்தான், கேமராவை மூடினான்,
சோற்றைப் பிரித்தான்.

நான் எண்ணத் தொடங்கினேன்.
சிவப்பு. சிவப்பு. பச்சை. துருப்பிடித்த நீலம்.
ஒவ்வொன்றும் ஒரு லோரி.
ஒரு லோரியென்றால் ஒரு டிரைவர்,
ஒரு டோல் ரசீது, விடியற்காலை ஒரு தே தாரிக்,
தூங்காதிருக்க வாயில் ஊறும் ஒரு கிராம்பு.
ஒன்பது. பத்து.
இந்த ஒற்றை வால் முழுக்க
எங்கள் யார்டு ஆட்களின் ஒரு வாரச் சம்பளம்
எங்கள் யாரையும் கேட்காமல் போகிறது.
கோபம் வரவேண்டும்.
பதினேழு, பதினெட்டு.
வரவில்லை. என்ன ஓர் ஒழுங்கு!
ஒன்றுகூட முந்தப் பார்க்கவில்லை.

இருபத்தாறு எண்ணியபோது
திரையில் படம் போய்ப் பெயர் வந்தது:
ரொஸ்லான், அனுப்பும் பிரிவு.
"எங்கே இருக்கிறாய்? என்ன சத்தம் அது?"
"ரயில் கேட்," என்றேன்.
"இன்றிரவே ஒரு பெட்டி எடுக்க முடியுமா?"

அவன் கேட்டு முடிக்குமுன்
என் காலுக்குக் கீழே கடந்தது
சாம்பல் நிறப் பெட்டி,
வலதுபக்க மூலையில்
ஒரு சட்டி கவிழ்க்கலாம் போல ஒடுக்கு.

அது என் ஒடுக்கு.
போன மாதம் கூலிம் கிடங்கில், மழையில்,
ரிவர்ஸ் எடுக்கையில் தூணில் இடித்தது.
"முன்பே இருந்தது" என்று பாரத்தில் எழுதி
நான்தான் கையெழுத்துப் போட்டேன்.
எத்தனை துறைமுகம் பார்த்துவிட்டு வருகிறதோ.
யாரிடமும் சொல்லாமல் போகிறது.

"ஹலோ? இருக்கிறாயா?"
"நாளைக்கே எடுக்கிறேன்," என்றேன்.
கடைசி விளக்கு சிறுத்து
வளைவில் அணைந்தது.

வெய் ஜியானிடம் கேட்டுப் பார்த்தேன்,
அவன் பெட்டிகளை எடுக்கவே இல்லையாம்.

இரவு, லோரிப் படுக்கையில் கொசுவோடு,
இருபத்தாறு பெட்டிகளை
யோகராணிக்கு அனுப்பினேன்.
நீல டிக் விழுந்து வெகுநேரம் பதிலில்லை.
முழுதும் பார்த்திருக்கிறாள்.

பிறகு வந்தது:
"படம் ஆடவே இல்லையே.
முக்காலி எவ்வளவு?"