எட்டுச் சொற்கள்

இரண்டு வாரம் நாயைப் பார்த்துக்கொள்ள முடியுமா
என்று கேட்க இர்யா படியேறி வந்தாள்.
நான்கு வருடமாக அவள் கீழ்வீடு, நாங்கள் மேல்வீடு.
அன்றைக்குத்தான் அவளிடமிருந்து ஒரு முழு வாக்கியம்.

மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவள்,
தண்டர் பேயிலிருந்து வடக்கே
பனி இறுகினால் மட்டும் பாதையாகும் பாதைகளில்.
நாய்க்கு இங்கிலீஷ் தெரியாது என்றாள்,
அடுப்பில் இடதுபக்கக் குமிழ் கொஞ்சம் இறுகும்
என்று சொல்வதுபோல.
ஒரு தாளில் எட்டு ஃபின்னிஷ் சொற்கள்.
ஃப்ரிட்ஜில் ஒட்டினேன், கரண்ட் பில்லுக்குப் பக்கத்தில்.

பெயர் ஹில்லா.
சதுப்பில் பழுக்கும் ஒரு மஞ்சள் பழமாம்.
எங்கள் வாயில் ஹகரம் தங்கவில்லை.
மைனஸ் பதினேழில் கதவைத் திறந்து
இல்லா, இல்லா என்று கத்துவேன்.
இல்லாத எதையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.
ஆனால் வரும்,
மூக்கின்மேல் பனியோடு.

முதல் நாளே குழப்பம்.
யதுகா "அண்ணா" என்றால்
நாய் ஓடிவந்து வாயிலிருக்கும் பந்தை
அவள் காலடியில் வைக்கிறது.
தாளைப் பார்த்தேன்: அன்னா என்றால் கொடு.
பாத்ரூமில் நேரம் கடத்தும் நிதர்சனை
நான் "ஏய்" என்பேன்.
நாய் சாப்பாட்டுத் தட்டிலிருந்து முகத்தை எடுத்துவிடும்.
எய் என்றால் கூடாது.
பாவம், இரண்டு நாள் அரை வயிறு.
ஒரு நாளைக்கு எத்தனை ஏய் சொல்கிறேன் என்று
அதுவரை யாரும் எனக்கு எண்ணிக் காட்டியதில்லை.

துலே என்றால் வா.
அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாள்:
நீட்ட வேண்டாம். தூலே என்றால்
காற்றைப் பார்த்து வீசு என்று சொன்னதாகிவிடும்.
யாரிடம் சொல்கிறாள்.
கல்லுக்குக் கால் முளைக்கும் மொழியில்
வளர்ந்தவள் நான்.

பன்னிரண்டாம் நாள். பூல்வார்ட் ஏரி.
மார்ச் முடிகிறது, அணைப்பக்கம் பனிக்கட்டி கறுத்திருந்தது.
ஒரு காக்கை.
வார் என் கையுறையிலிருந்து வழுகிப் போனது.

கூப்பிட்டேன். எல்லாம் ஞாபகம் இருந்தது,
ஆனால் பயம் எந்தக் குறிலையும் நெடிலாக்கிவிடும்.
தூலே, தூலேஏ என்று அலறுகிறேன்.
காற்று நன்றாகவே வீசியது.
நாய் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் வந்தது என்னுடையது,
மகன் சிக்னல் பார்க்காமல் ரோட்டில் இறங்கினால்
வயிற்றிலிருந்து கிளம்புமே, அது.
ஏய்.

நின்றது.
ஒரு முன்கால் தூக்கியபடி.
அதற்கு முன்னால் இருபதடியில்
பனிக்கட்டி தண்ணீரின் நிறத்தில் இருந்தது.
வா, வாடி, வாம்மா என்றேன்.
தாளில் இல்லாத சொற்கள்.
ஒவ்வொரு காலாக, யோசித்து யோசித்து,
வந்து என் முட்டியில் தலையை முட்டியது.

இர்யா திரும்பியதும் வாசலில் வைத்தே
எல்லாவற்றையும் சொன்னேன்,
கையால், முகத்தால், இடையில் கொஞ்சம் அழுது.
டீசல் மணக்கும் ஜாக்கெட்டோடு நின்று கேட்டாள்.
நோ நீன், என்றாள்.
அவ்வளவுதான். நாயைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.
எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன்.

மறுநாள் மாடிப்படி முழுக்க ஏலக்காய் வாசம்.
இந்த ஊரில் யார் பாயசம் வைத்தது என்று கதவைத் திறந்தால்
கைப்பிடியில் ஒரு காகிதப் பை,
உள்ளே சுடச்சுட ரொட்டிச் சுருள்கள்.
கூடவே அதே எட்டுச் சொல், புதிய தாளில்.
ஒன்பதாவதாக என்னுடையதும்: வா.
இங்கிலீஷ் எழுத்தில், இரண்டு ஏ போட்டு.
நெடில் அவளுக்குத் தெரியும்.

இப்போதும் காலையில்
பாத்ரூம் கதவைத் தட்டி ஏய் என்கிறேன்.
கீழே தட்டில் நாக்கின் சத்தம்
சட்டென்று நின்றுபோகிறது.
குனிந்து, தரையைப் பார்த்து,
உன்னை இல்லை என்கிறேன்.
கொஞ்ச நேரம் கழித்து
மறுபடி தொடங்குகிறது.