நூற்றிப் பத்தாவது வண்டி

வெள்ளிக்கிழமை மூணு மணிக்குப் பெற்றோர் கூட்டம்.
எண்ணூர் ரோட்டில், துறைமுகம் பார்த்து நிற்கும் வரிசையில்
நான் நூற்றிப் பத்தாவது கன்டெய்னர்.
மூன்று கடிதம் வந்தது. மூன்று முறையும் இங்கேதான்.

நாலாவது முறை
புழுதி அப்பிய ஸ்கூட்டியில் பியூலா டீச்சரே வந்தார்,
அக்குளில் தீர்மான நோட்டு.
ஆறு வண்டி தள்ளி நிற்கும் எத்திராஜின் பொண்ணும்
அதே பள்ளி என்று அன்றைக்குத்தான் தெரியும்.

ஸ்டெப்னி மேல் நோட்டை விரித்து
"என்ன குறை, சொல்லுங்க" என்றார்.
மகள் ஆறாவதா, ஏழாவதா? எனக்கே சந்தேகம்.
எத்திராஜ்தான் குனிந்தபடி சொன்னான்:
பொண்ணுங்க கக்கூசுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம்,
அவன் சின்னவள் பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்கிறதில்லையாம்.

என் மகளின் பாட்டில்
நிரம்பியே திரும்பி வரும்.
மறதி என்று திட்டியிருக்கிறேன்.

பின்னால் ஹாரன். வரிசை நகர்ந்துவிட்டது.
டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்து
தாழ்ப்பாளாகக்கூடிய எதையோ
தேடிக்கொண்டிருந்தோம்.