மூன்றாம் எண் உலர்த்தி

இரவு இரண்டரை.
புந்தா அரினாஸ் மருத்துவமனையின் சலவைக்கூடம்.
வெளியே, நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத்
தெருவோரம் கயிறு கட்டிவைக்கும் அளவுக்குக் காற்று.
உள்ளே, நாற்பது போர்வைகளை விழுங்கிச்
சுழன்றுகொண்டிருக்கிறது மூன்றாம் எண் உலர்த்தி.
அதற்குள் ஒரு கால்பந்தாட்டம் நடக்கிறது.

சிரிக்காதீர்கள்.
வர்ணனையாளர் குரல் எனக்கு அத்துப்படி.
மூச்சுவிடாமல் பேசி, ஒரு பெயரை இழுத்து,
கோலை நெருங்க நெருங்க ஏறி,
பந்து வெளியே போனதும்
பொத்தென்று விழும் குரல்.
பின்னால் கூட்டத்தின் ஓ.
காதுக்கு எட்டுகிறது, கருத்துக்கு எட்டவில்லை.
எந்த அணி, எந்த மைதானம், யார் அந்த ஏழாம் எண்?
தகரத்தில் காதை வைத்துப் பார்த்தேன்.
சூடு பட்டதுதான் மிச்சம்.
பதினான்கு மாதமாக நடக்கும் ஆட்டத்தில்
இன்னும் ஒரு கோல் விழவில்லை.

நோல்பெர்த்தோவுக்கு அதே இயந்திரத்தில்
கைபேசி அடிக்கிறது.
ஒரே இரவில் ஒன்பது முறை பையைத் தடவுகிறான்.
கடன்காரர்கள் அதிகம் அவனுக்கு.
மேற்பார்வையாளர் தானிட்சாவிடம் கேட்டோம்.
"பேரிங் தேய்ந்த சத்தம். வேறென்ன?" என்றாள்.
கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் வேகமாகவே.

காது டாக்டர் பாஸ்குன்யான்
கண்ணாடி அறையில் உட்காரவைத்தார்.
"இரைச்சலுக்குள் எங்கோ ஒரு சொல் ஒளிந்திருக்கிறது.
கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்."
எண்ணெயில் எதையோ ஓயாமல் பொரிப்பதுபோல் சத்தம்.
பதினொரு முறை அழுத்தினேன்.
அதில் இரண்டுக்குச் சத்தியமே செய்வேன்.
அவர் திரையைத் திருப்பிக் காட்டினார்:
சொல்லே வைக்கவில்லையாம்.
வெறும் இரைச்சல், ஆறு நிமிடம்.

"காதில் கோளாறு இல்லை.
மூளைதான் முழுதாகக் கேட்கும்வரை பொறுக்காது.
கதவு தட்டப்படுவதற்கு முன்பே
இன்னார்தான் என்று பேர்சொல்லிக் கூப்பிட்டுவிடும்.
ஆளே இல்லாவிட்டாலும்
கைவசம் இருக்கும் குரல்களில் ஒன்றை எடுத்து
வாசலில் நிறுத்திவிடும்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றால்,
அலுத்தவள் காதுக்கு
இரைந்ததெல்லாம் ஆட்டம் போலிருக்கிறது.
பேருந்தில் திரும்பும்போது கொஞ்சம் கோபம் வந்தது.
இத்தனை குரல்கள் கைவசம் இருக்க
எனக்கென்று என் மூளை எடுத்தது
யாரென்றே தெரியாத ஒரு வர்ணனையாளரை.
பேயாக இருந்தாலாவது
ஒரு மரியாதை.

வியாழன் இரவு மெக்கானிக் வந்தார்,
எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய புது பேரிங்கோடு.
அரைமணி வேலை என்றார்.
தானிட்சா உலர்த்திக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.
"இன்று முடியாது. அவசரத் துணி."
கூடைகள் எல்லாம் காலி.
நோல்பெர்த்தோ வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.
"திங்கள் வரட்டுமா?"
"திங்களும் அவசரம் இருக்கும்."

அவர் போனதும்
உலர்த்தி மடித்து அடுக்கிய போர்வைகளில்
பன்னிரண்டை எண்ணி எடுத்து
மறுபடி உள்ளே போட்டாள்.
நாங்கள் எதுவும் கேட்கவில்லை.
சுவிட்சைத் தட்டினாள்.
முதலில் முனகல், அப்புறம் இரைச்சல்,
அப்புறம் என் வர்ணனையாளர்
எங்கே விட்டாரோ அங்கிருந்தே தொடங்கினார்.
நோல்பெர்த்தோவின் கை பைக்குப் போயிற்று.
தானிட்சா
சூடேறும் கதவில் தோளைச் சாய்த்து
கண்ணை மூடி
"ம்" கொட்டுகிறாள்,
சற்றுப் பொறுத்து
இன்னொரு "ம்".