பக்கத்து இருக்கை

அவள் பெயர் லியோனில்டி.
அவள் சொல்லவில்லை.
அவள் போன் சொன்னது.

பரேய்ரோவிலிருந்து லிஸ்பனுக்கு
காலை ஆறு நாற்பது படகு.
இருபது நிமிடம் ஆற்றைக் கடக்கவேண்டும்,
பார்க்க ஆற்றில் ஒன்றும் இல்லை.
அவள் மடியில் இருந்தது எல்லாம்.

வாடகை இன்னும் வரவில்லை என்றாள் வீட்டுக்காரி.
மாத்திரை வந்துவிட்டது என்றது மருந்துக்கடை.
லக்ஸம்பர்க்கிலிருந்து மகன்:
"இந்த மாதமும் இல்லை, அம்மா."
அப்புறம் கஸ்டோடியோ என்று ஒருவன்:
"சனிக்கிழமை. அதே பெஞ்ச்."

திங்கள் காலை
நான் படகுக்குச் சீக்கிரமே வந்துவிட்டேன்.
சனிக்கிழமை என்ன ஆயிற்று என்று தெரியவேண்டுமே.

ஒட்டுக்கேட்டால் காதைத் திட்டுவார்கள்.
கண்ணை யாரும் ஒன்றும் சொல்வதில்லை,
அது சும்மா திறந்திருந்ததாம்.

செவ்வாய்க்கிழமை எல்லாம் மாறிவிட்டது.
போன் குப்புறப் படுத்திருந்தது.
நிமிர்த்தியபோது
'புதிய செய்தி ஒன்று' என்றது.
அவ்வளவுதான்.
யார், என்ன, எந்தப் பெஞ்ச்,
எதுவும் இல்லை.
முன்பு விரலால் இசட் எழுத்துப் போடுவாள்,
படகில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம்.
இப்போது ஆறு எண்கள்,
காற்றில் தீக்குச்சி கொளுத்துகிறவளைப்போல
கையைக் குவித்துக்கொண்டு.
வெளிச்சத்தையும் குறைத்துவிட்டாள்.
படித்து முடித்ததும் ஒரு 'க்ளிக்'.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
பைஷாவில் என் கடை. சாவி வெட்டுகிறேன்.
ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிறேன் அதை.

எனக்குக் கோபம் வந்தது, சிரிக்காதீர்கள்,
என் வீட்டிலிருந்தே
என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதுபோல.
அப்படி என்ன இருக்கிறது அவளிடம் மறைக்க?
எனக்குத்தான் தெரியுமே:
ஒரு வாடகை, ஒரு மாத்திரை, ஒரு பெஞ்ச்.

இருபத்திரண்டு வருடத்தில்
எந்த வாடிக்கையாளரிடமும் நான் கேட்டதில்லை,
உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று.
பூட்டு வேண்டுமென்றால்
பூட்டுக் கொடுத்தேன்.

நவம்பரில் ஒரு நாள்
மூடுபனி, படகு ஊர்ந்தது.
என் போன் சன்னல் விளிம்பில் மல்லாந்து கிடந்தது.
கண்ணாடி போடச் சோம்பல்,
எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்கு வைத்திருந்தேன்.
திரை எரிந்தது.
என் தம்பி பெல்மிரோ.
நாலு வருடமாகப் பேச்சு இல்லை.
"அப்பாவுக்குக் குழாயை எடுக்கப்போகிறார்கள்.
வருகிறாயா
இல்லை"

அதற்கு மேல் திரையில் இடம் இல்லை.

எனக்குக் கை வரவில்லை.
பின் இருக்கைப் பையன்
காதில் பாட்டோடு முன்னால் சாய்ந்தான்,
அவன் மூச்சு என் தோளில் பட்டது.

அப்போது இடப்பக்கமிருந்து ஒரு விரல் வந்தது.
நகத்தில் பாதி உரிந்த சிவப்பு.
என் போனைக்
கொதிக்கும் பாலிலிருந்து கரண்டியை எடுப்பதுபோல
மெதுவாகத் தூக்கிக்
கவிழ்த்து வைத்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
எதிரே பனி, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
படித்தாளா
என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கரையில் கயிறு வீசினார்கள்.
எல்லோரும் எழுந்தார்கள்.
"பார்த்து, பலகை வழுக்கும்" என்றாள்.
அவள் குரலை அன்றுதான் கேட்டேன்.
நான் நினைத்திருந்ததைவிடக் கனமான குரல்.

அன்று கடை திறக்கவில்லை.
பெஜாவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறியதும்
எழுத்தைச் சின்னதாக்கினேன்,
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டேன்,
"வருகிறேன்" என்று அடித்து
பூட்டினேன்.

பக்கத்தில் ஒரு பெரிய ஆள்
வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.
அவர் மடியில் ஒரு திரை
எரிவதும் அணைவதுமாய்,
எரிவதும் அணைவதுமாய்.

நான் வெளியே
கார்க் மரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.
இருநூற்றுப் பதினொன்று வரை
எண்ணியது நினைவிருக்கிறது.