ஆயிரத்து நானூற்று அறுபத்தைந்து

காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மிஷினுக்கு நேர் மேலே
என் ஆபீஸ்.
ராத்திரி அது ஓய்ந்தபின்தான்
ரௌட்டர் விசிறியின் முனகல் காதில் விழும்.
இன்றைக்கு அதையும் அமுக்கிக்கொண்டு போன்.

"எமிலிக்கா, நெட்டு வரல."
"இன்னாமா, துட்டு மட்டும் கரெக்டா வாங்கினு போறீங்க."
குவைத்தில் ஷிஃப்ட் முடிந்த மகனின் முகம்
பாதி நெற்றியோடு நின்றுவிட்டதாம் ஒரு வீட்டில்.
விடிந்தால் கடலுக்குப் போகிற போட்டுக்காரர்
காற்று எப்படியென்று பார்க்க முடியவில்லை என்கிறார்.
ஜன்னலைத் திறந்து பாருங்கள் என்று நாக்கு துடித்தது.
சொல்லவில்லை. மாதம் நானூற்று ஐம்பது தருகிறவர்.

நேற்றுதான் தண்டையார்பேட்டை மாடிக்கு
ரேடியோவைக் கழற்றிவிட்டு
வாடகை ஃபைபர் எடுத்தேன்.
அதிலிருந்து இரண்டு ரௌட்டரும்
வணக்கம் வைக்கின்றன.
வணக்கம். வணக்கம். பத்து நொடிக்கு ஒரு வணக்கம்.
அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை,
சொத்து வழக்கில் இருக்கிற பங்காளிகள்
கல்யாண வீட்டில் எதிர்ப்பட்ட மாதிரி.

அணைத்து ஏற்றினேன். கேபிளை மாற்றினேன்.
தேசப்பனை டார்ச்சோடு அந்த மாடிக்கு அனுப்பினேன்.
"லைட்டு பச்சையாதான்க்கா எரியுது."
பச்சையை நம்பி நான் ஏமாந்தது
இது முதல் தடவை இல்லை.

காசு கொடுத்து வாங்கிய பெட்டியென்றால்
கம்பெனிக்காரனைத் திட்டலாம்,
அவன் வீணை வாசித்துக் காக்கவைப்பான்.
இது யாரோ நாலு பேர் எழுதி
எடுத்துக்கொள் என்று தெருவில் வைத்த மென்பொருள்.
யாரைத் திட்டுவது?

முதலில் எழுதினேன்:
"வேலை செய்யவில்லை. அவசரம். உதவவும்."
ஒரு மணி நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
பிறகு யாரோ எழுதியதுபோல அதைப் படித்துப் பார்த்தேன்.
டாக்டரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு
போர்த்திப் படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

திரும்ப எழுதினேன்.
எந்தப் பதிப்பு. எந்தப் பெட்டி.
நேற்று எதைத் தொட்டேன்.
இந்த வரிக்குத்தான் நேரமானது.
எதையும் தொடவில்லை என்றே
எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்,
தேசப்பனிடமும்.

பதில் வந்தது.
அனுப்பியவன் பேரை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன்,
நாக்கில் நிற்கவில்லை.
அவன் இங்கிலீஷும் என்னுடையதைப் போல
ஒரு காலை இழுத்துத்தான் நடந்தது.
அதில் எனக்கொரு தைரியம்.
"புது வழியில் எவ்வளவு பெரிய பொட்டலம் போகிறது?
உடைக்காமல் அனுப்பு. அளந்து சொல்."

ஆயிரம் போனது.
ஆயிரத்து நானூறு போனது.
ஆயிரத்து ஐநூறு திரும்பவில்லை.
எடைத்தட்டிலிருந்து ஒவ்வொரு இறாலாக
எடுக்கிற மாதிரி குறைத்தேன்.
ஆயிரத்து நானூற்று அறுபத்து நாலு போனது.
அறுபத்தைந்து போகவில்லை.

சுரங்கப்பாதை வாயில் உயரக் கம்பி கட்டியிருப்பார்கள்.
பைக் போகும், ஷேர் ஆட்டோ போகும்,
மீன்பாடி வண்டி ஐஸ் சொட்டச் சொட்டப் போகும்.
துறைமுகத்துக் கண்டெய்னர் முட்டி நிற்கும்,
பின்னால் ஊரே ஹாரன் அடிக்கும்.
வணக்கம் சின்னது, நுழைந்துவிட்டது.
தனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம்
ஒப்பிக்க வேண்டிய பேச்சு பெரியது.

இரண்டு முனையிலும்
ஆயிரத்து ஐநூறில் எட்டைக் குறைத்தேன்.
நாற்பது நொடி.
பங்காளிகள் பேசத் தொடங்கினார்கள்.

நன்றி எழுதினேன். அவன் கேட்டான்:
"எங்கள் விளக்கத்தில் எந்த வரி உன்னைக் குழப்பியது?"
பதினோரு வருஷத் தொழிலில்
யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.
அந்த விளக்கத்தை நான் படிக்கவேயில்லை
என்று எப்படிச் சொல்வது?

போன் ஓய்ந்திருந்தது.
நெட்டு வந்தால் யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை.
மூன்றரைக்குக் கீழே ஐஸ் மிஷின் பல்லைக் கடித்தது.
அப்போதுதான் ஞாபகம் வந்தது,
தேசப்பனை இறங்கச் சொல்லவில்லை.

அடித்தேன்.
"பச்சையாதான்க்கா எரியுது" என்றான்,
தூக்கத்தில்.