ஜெலட்டின் தாள்

எங்கள் ஏரியாவுக்கு சினிமா
ஒரே கலர்தான் ஒதுக்கியிருக்கிறது:
தெருவிளக்கு மஞ்சள்.
கத்தி வந்தால் கொஞ்சம் சிவப்பு.
பதினோரு வருஷமாய் வாடகை லைட் தூக்குகிறேன்.
காசிமேட்டில் ஷூட்டிங் என்றால்
மஞ்சள் தாளை எண்ணி எடுத்துவைப்பேன்,
கேட்கக்கூட மாட்டேன்.

நேற்று வந்த பெண் வேறு கேட்டாள்.
குறும்படமாம். ஐஸ் ஃபேக்டரி மாடி.
"இந்தப் பக்கம் பிங்க், அந்தப் பக்கம் நீலம்.
நடுவுல ஊதா தானா விழணும்ணா."
எதுக்கும்மா?
ஸ்டாண்டை முறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"ஹீரோவுக்கு முன்ன ஒரு பொண்ணப் புடிச்சிருந்தது,
இப்ப ஒரு பையனப் புடிச்சிருக்கு.
ரெண்டுமே நெசம்.
வசனத்துல வைக்கல, லைட் சொல்லிரும்.
இதே மூணு கலர்ல ஒரு கொடியே இருக்குண்ணா."

ஸ்க்ரூ ஒரு சுற்று கூடுதலாகப் போய்
மரை கழன்றது.

எனக்கொரு கொடி இருப்பது
முப்பத்துநாலு வயதில்
குறடும் கையுமாக நிற்கும்போது தெரிகிறது.

நடிக்க வந்த பையன் கேட்டான்:
"அப்போ பாதி பாதியா?"
"கிட்டத்தட்ட" என்றாள்.

லைட்காரனை யாரும் கேட்பதில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
இருநூறு வாட் இது, இருநூறு வாட் அது,
ரெண்டும் விழும் இடத்தில் எதுவும் பாதியாவதில்லை தம்பி,
மீட்டர் வைத்துப் பார்,
அங்கேதான் வெளிச்சம் அதிகம்.

மண்ணடி ஜெராக்ஸ் கடை ஹாஜிரா
தாளின் சூடு ஆறுமுன் நீட்டுவாள்.
அந்தச் சூட்டை முழுசாகத்தான்
வீடு வரை கொண்டுபோனேன்.
போட் மெக்கானிக் பிலவேந்திரன்
கழுத்தில் உப்புக் காய்ந்த கோடு,
அதையும் முழுசாகத்தான்.
அவள் வாணியம்பாடிக்கு வாழப் போனாள்.
அவன் ரிசப்ஷனுக்கு நான்தான் லைட்.
வெள்ளை மட்டும் போட்டேன்.
"இன்னாடா, கலரே இல்லியா?"
ஸ்டாக் இல்ல மச்சான்.

மூன்று மணிக்கு
வடசென்னைப் பையனாக நடிக்க வந்தவன்
மீன் கவிச்சை தாங்காமல் கீழே இறங்கிவிட்டான்.
"அண்ணா, லைட் பாக்கணும்,
அந்த மார்க்ல ஒரு நிமிஷம் நில்லுங்க."

நின்றேன்.
இடது கன்னத்தில் ஒன்று, வலதில் ஒன்று,
மூக்குத் தண்டில் ஊதா.
கிரீஸ் படிந்த சட்டைகூட
யாரோ யோசித்து உடுத்தியது மாதிரி.
சுவரில் எனக்கு இரண்டு நிழல்.
பிங்க் விளக்குக்கு விழுந்தது நீலமாக,
நீலத்துக்கு விழுந்தது பிங்காக.
ஒன்று மறைத்த இடத்தில்
மற்றது போய் உட்கார்ந்திருந்தது.

கீழே ஐஸ் அரைக்கும் சத்தம்.
யாரோ யாரையோ
அம்மாவை இழுத்துத் திட்டினார்கள்.

"போதும்ணா, நகருங்க."

இரும்மா, தாள் சூடாவுதா பாக்குறேன்
என்றேன், விளக்குப் பக்கம் திரும்பாமலே.

எல்.ஈ.டி.க்குத் தாள் சூடாகாது.
அது அவளுக்கும் தெரியும்.
கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்
"சரிண்ணா, பாருங்க" என்றாள்.