ஆணையர் அறிக்கை, பத்தி ஏழு

வில்பட்டிச் சரிவில் டேப்பை விரித்தபோது மணி பதினொன்று.
சுவர் பதினாலு அடி, இரண்டு அங்குலம்.
வாதி அகஸ்டின் பொன்னுரங்கம், ஓய்வுபெற்ற தணிக்கையாளர்,
ஜன்னலோரம் தன் நாற்காலியைக் காட்டினார்:
"இங்கேருந்து பெருமாள் மலை தெரிஞ்சதும்மா. முழுசா."
பிரதிவாதி குருவம்மாள் எதையும் காட்டவில்லை.
ஏணியேறிப் புதுப் பரணில்
பூண்டுக் கட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.
புகை.

நீதிமன்றம் கேட்டது மூன்று.
அளவு எழுதினேன். எல்லை எழுதினேன்.
மூன்றாவது, 'காட்சி மறைந்ததால் நேர்ந்த இழப்பின் தன்மை.'

அந்நேரம் பார்த்து மஞ்சு ஏறியது.
மலையும் இல்லை, சுவரும் இல்லை,
இருதரப்புக்கும் சமமாக.

கருப்பட்டி மிட்டாய் பிடிக்கும் என்றால்
அது என் நாக்கோடு போயிற்று.
அழகு என்றால் மட்டும்
ஏன் ஊரையே சாட்சிக்கு இழுக்கிறோம்?
'நீயும் பார்' என்று தோளைத் தட்டி,
தலையாட்டாதவன்மேல் கோபம் கொள்கிறோம்.
அந்தக் கோபத்துக்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

அகஸ்டின் இப்போது பேசவில்லை.
பனி படிந்த கண்ணாடியில் விரலால் ஒரு கோடு:
ஏறி, கொஞ்சம் சரிந்து, மறுபடி ஏறி.
கோட்டின் முனையிலிருந்து நீர் வழிந்தது.

"வெளுத்துருச்சு வக்கீலம்மா,
அளக்கணும்னா இப்பவே அளந்துக்கங்க!"
மேலேயிருந்து குருவம்மாள்.
அந்த ஏணி ஓர் ஆளைத்தான் தாங்கும்.
ஏறினேன்.
தொங்கும் பூண்டுகளுக்கு நடுவே, கண் எரிய,
அவர் போட்ட அதே கோடு.
அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை;
ஈரக் கட்டு ஒன்றை முகர்ந்துகொண்டிருந்தாள்.

பத்தி ஏழில் 'பார்த்தேன்' என்று எழுதி அடித்தேன்.
'ஆய்வின்போது மூடுபனி நிலவியது.'
அதுவும் உண்மைதான்.